காப்பான்

மூன்று இழுப்பறை போதும் என்றுதான்
அந்தோஃபகாஸ்தா தொழிற்பள்ளியில் படித்தாள் நில்டா சய்யாபா.
முதல் அறையில் செம்பு. கேட்டால் கொடுக்கும்.
கடைசி அறையில் கண்ணாடி, பீங்கான், காய்ந்த மரம்.
தலைகீழாக நின்றாலும் கொடுக்காது.
இரண்டுக்கும் நடுவே
ஒன்றுக்குப் பின் இருபது சுழியம் போட்ட தூரம்.
அந்தத் தூரத்தில் எங்கோ சிலிக்கன்,
வெயில் பட்டால் மனம் மாறுகிற ரகம்.
சூடேறச் சூடேற அது இளகிக் கடத்த,
செம்போ முரண்டு பிடிக்கும்.
ஒரே கரி, பென்சிலுக்குள் கடத்தும்;
வைரமாகிவிட்டால் மறுக்கும்.
இதையெல்லாம் எழுதி
ஏழுக்கு ஆறரை வாங்கினாள்.

இப்போது தொகோபியாவில் அவளுக்கு வேலை,
கழுவுவது.

மழை அறியாத கரை.
மலைமேல் செம்பு வெட்டுகிறார்கள்.
மேட்டுப் பாலையில் வெயிலைக் குடித்துக் கிடக்கின்றன
சிலிக்கன் பலகைகள்.
கோபுரத்துக்குக் கோபுரம்
கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி
பீங்கான் வட்டுகளின் சரம்.
படித்த மூன்று அறையும்
ஒரே லாரிக் கண்ணாடியில் தெரிகிற ஊர்.

வாரக்கணக்கில் உப்பு படியும்.
பிறகொரு ராத்திரி கமஞ்சாகா என்கிற கடல்பனி ஏறி வந்து
அந்த உப்பை நனைக்கும்.
வட்டின் மேல் ஊதா நிறத்தில் ஒரு புழு நெளியும்.
உஸ்ஸென்று சத்தம்.

நம் மொழியில் அதற்குப் பேர் காப்பான்.
காப்பான்தான்,
காய்ந்திருக்கும்வரை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற பீங்கான்
ஈரம் பட்டதும் கடலின் கட்சிக்குப் போய்விடும்.

அதைக் கழுவ வேண்டும்.
மின்சாரம் ஓடும்போதே.
தண்ணீரால்.

தண்ணீர் கடத்தும் என்று யார் சொன்னது?
அதில் கரைந்திருக்கிற கூட்டம்தான் கடத்துகிறது:
உப்பு, சுண்ணாம்பு, குழாயின் துரு.
அத்தனையும் வடித்தெடுத்த தண்ணீர்
ஏறக்குறைய ஊமை.
ருசியும் கிடையாது.
உபால்டோ குடித்துப் பார்த்திருக்கிறான்.

ஆகஸ்ட், செவ்வாய், பின்னிரவு மூன்று மணி.
பதினேழாம் கோபுரம் சீறுகிறது.
நில்டா மீட்டரைத் தொட்டிக்குள் விடுகிறாள்.
ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண்
நானூற்றுப் பன்னிரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி.
நானூற்றுப் பதினொன்று.

உபால்டோ தன் பூட்ஸைப் பார்த்தான்.
ஆலையில் வரிசை நீளம், என்றான்.
பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.
பாதித் தொட்டியை ஊர்க் குழாயில் நிரப்பிவிட்டேன்.
தண்ணீர்தானே. கண்ணாடி மாதிரி இருந்தது.

கண்ணாடி மாதிரி.

குழல்முனையைப் பிடிக்கப் போகிறவனும் அவன்தான்.
நானூற்றுப் பதினொன்று என்பது
கம்பியிலிருந்து அவன் கைக்கு வரும் வழி.

ரேடியோவில் மேற்பார்வையாளர்:
என்ன தாமதம்?
தண்ணீர் சரியில்லை. லைனை நிறுத்துங்கள்,
இல்லையென்றால் வேறு தண்ணீர் அனுப்புங்கள்.
சுரங்கத்தில் ஒரு நிமிஷம் என்ன விலை தெரியுமா?
தெரியாது.
யார் நிரப்பியது?

கேள்வி அவள்வரை வந்தது.
அவளைத் தாண்டிப் போகவில்லை.

மூன்று நாற்பதுக்கு வானம் ஒருமுறை வெள்ளையானது.
பிறகு சத்தம்.
பிறகு ஊர் இல்லை, துறைமுகம் இல்லை,
கடற்சிங்கங்களின் குரைப்பு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

இருட்டில் அவன் ஏதோ சொல்ல வந்தான்.
பிளாஸ்கின் மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள்.
காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டாள்.
முப்பத்தொன்பது, என்றான்,
ராத்திரியில் கொஞ்சம் ஏறும்.

விடிந்ததும் அறிக்கைத் தாள்.
இடம், நேரம், கோபுர எண்.
‘காரணம்’ என்ற கட்டத்தில்
உப்பு என்று எழுதினாள்.

பொய்யில்லை.